உள்ளே விட்ட துணி

கருங்கல் சந்தை முக்கில்
உரக்கடைக்கு மேலே என் மிஷின்.
ரப்பர் ஷீட் இன்றைக்கு என்ன விலையென்று
கீழே தராசுக்காரன் கூவுமுன்
ஜாக்கெட்டின் கை எனக்குச் சொல்லிவிடும்.

கிலோ இருநூறைத் தாண்டிய வருஷம்
கை முழங்கையைத் தொட்டது.
முதுகில் கயிறு, கயிற்றின் நுனியில் குஞ்சம்,
குஞ்சத்தில் மணி.
நாலு போதாது, ஆறு வையும் என்றாள்
திக்கணங்கோட்டு எமில்டா.
விலை சரிந்த மழைக்காலத்தில்
அதே எமில்டா குஞ்சத்தை அறுத்துக்கொண்டு வந்து
மகளுக்க பாவாடையில் தைக்கச் சொன்னாள்.
அறுத்த இடத்தில் பிசிறு தெரியாமலிருக்க
ஜாக்கெட்டில் நான் ஒரு பூ போட்டேன்,
மீந்த நூலில், சும்மா.
அடுத்த வாரம் ஒன்பது பேர் படியேறி வந்தார்கள்
அந்தப் பூ வேண்டுமென்று.

அளவு நோட்டில் முதல் வரி
எப்போதும் தோள்.
பிறகுதான் மார்பு, இடுப்பு, கை.
இந்த மண்ணில்தான் ஒரு காலம்
தோளில் சீலை போட்டதற்காக
சந்தையில் வைத்துக் கிழித்தார்கள்.
ஷைனி செல்போனை நீட்டுகிறாள்:
கை இருக்கிறது, கழுத்து இருக்கிறது,
தோள் இருக்குமிடத்தில் மட்டும் ஒரு ஜன்னல்.
"இஞ்ச வட்டமா வெட்டணும் அக்கா."
கத்தரியோடு ஒரு நொடி நின்றேன்
என்று சொன்னால் பொய்.
கரண்ட் போகுமுன் முடித்தாக வேண்டும்.
ஜன்னலுக்குப் பைப்பிங் வைக்க முப்பது ரூபாய் கூட.
ராத்திரி மீன் கழுவும்போதுதான் தோன்றியது:
யாரிடமும் கேளாமல் ஒருத்தி
திறந்தும் வைக்கலாம் என்பதற்காகவும்தான்
அவர்கள் அன்று மூடியிருப்பார்களோ.
பிறகு பூனை வந்தது. மறந்துபோனேன்.

பிரேமலதா பாய் நூறு நாள் வேலைக்கு
நைட்டிக்கு மேல் புருஷனுக்க சட்டையைப் போட்டுப் போவாள்.
அவர் தம்மாமில் கம்பி கட்டுகிறார்.
நீலக்கோட்டுச் சட்டை, முழுக்கை,
முள் கீறாது, வெயில் ஏறாது,
பையில் அடையாள அட்டை நனையாது.
அதே சட்டையைப் போட்டுக்கொண்டு
நாகர்கோவில் கல்லூரிக்குப் போனாள் மகள் அஜிஷா.
இப்போ இதுதான் ஓவர்சைஸ்,
ஷோரூமில் ஆயிரத்து முந்நூறாம்.
தாய் வந்தாள்:
"பிடிச்சுத் தையும். அப்பனுக்க சட்டையின்னு சொல்லுவினும்."
மகள் வந்தாள்:
"பிரிச்சு விடுங்க. அப்பா சட்டை மாதிரியே இருக்கணும்."
தைத்தேன். பிரித்தேன். தைத்தேன்.
மூன்று தடவைக்கும் கூலி பாக்கி.
தம்மாமில் நாலு மாதமாகச் சம்பளம் இல்லை.
அந்தச் சட்டை இப்போது என் ஆணியில் தொங்குகிறது,
யாருடைய அளவிலும் இல்லாமல்.

நோட்டில் எழுதாத அளவு ஒன்று உண்டு:
உள்ளே எவ்வளவு துணி விடுவது.
காசு வரத்துள்ள வருஷம்
கால் இஞ்ச் போதும் என்பார்கள்,
அடுத்த விசேஷத்துக்கு வேற எடுப்போம்.
படகு கரையேறிக் கிடக்கும் வருஷம்
தாராளமா விடும் என்பார்கள்.
ரெடிமேடில் விடுவதே இல்லை,
அதை வாங்குகிறவர்கள் வளரமாட்டார்கள் போல.

புயல் வந்துபோன கிறிஸ்துமஸுக்கு
மிடாலத்திலிருந்து ஒருத்தி வந்தாள்.
ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒரு கவுன்.
அளவு சொல்லவில்லை,
"மூணு இஞ்ச் மடிச்சு விடும்" என்றாள்.
"மூணா?"
"மூணு."

போன மாதம் அந்தப் பிள்ளை தனியாக வந்தாள்,
முழங்கால் தெரிய.
கீழ்த்தையலைப் பிளேடால் பிரித்தேன்.
வெயிலும் சோப்பும் பார்க்காத மூன்று இஞ்ச்
வாங்கின நாளின் சிவப்பில் இறங்கியது.
மேலே வெளிறிய ரோஸ், கீழே சிவப்பு.
"ரெண்டு கலர்! புது மாடலா அக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இஸ்திரிப் பெட்டியை மூன்று தடவை ஓட்டினேன்.
மடிப்பிருந்த தடம் மட்டும் அசையவில்லை.